எட்டுப் படுக்கை வார்டின் சிட்டு

சொட்டும் குழாயைப் பார்த்தால் என்னால் தாண்டிப் போக முடியாது, சார். நின்று திருகிவிட்டுத்தான் போவேன். எதுவும் வீணாகக் கூடாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கம்ப்யூட்டரும் எனக்கு அப்படித்தான். நாளில் பாதிக்கு மேல் அது வேலையில்லாமல் நிற்கிறது. அந்த நேரத்தைச் சும்மா கொடுக்க உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டர் செய்தால் நூறு வருஷம் ஆகும் கணக்கைத் துண்டு துண்டாக்கி ஆயிரம் வீடுகளுக்கு அனுப்பி, விடைகளை வாங்கிச் சேர்ப்பார்கள். காசு கிடையாது. பெயர் பட்டியலில் வரும், அவ்வளவுதான். கல்லூரியைப் பாதியில் விட்ட வருஷம் நான் அதில் சேர்ந்தேன். வீட்டில் யாரும் என்னோடு பேசாத வருஷம் அது.

புதுத் திட்டங்களுக்கு யோசனை சொல்ல அவர்கள் இணையதளத்தில் ஒரு பக்கம் உண்டு. ஏழு யோசனை எழுதினேன். ஆறுக்குப் பதிலே வரவில்லை. ஏழாவதுக்கு ஒருவர், முதலில் நீங்களே நடத்திக் காட்டுங்கள் என்று எழுதினார். நடத்தினேன். காட்டில் வைத்த கருவிகள் பத்து வருஷமாகப் பதிவு செய்த ஒலி, யாரும் கேட்காமல் கிடந்தது. முப்பது வருஷமாக யார் காதிலும் விழாத ஒரு பறவையின் குரல் அதில் எங்காவது இருக்கிறதா என்று தேடுவது. அதுதான் என் திட்டம்.

ஒவ்வொரு துண்டும் இரண்டு பேருக்குப் போகும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் செல்லும். அதுவரை முதல் விடை ‘ஜோடிக்காகக் காத்திருக்கிறது’ என்று பட்டியலில் நிற்கும். திட்டத்தில் நான் ஒருவன்தான். ஐந்து மாதத்தில் என் விடைகள் நாலாயிரம் காத்திருந்தன. தினமும் திறந்து பார்ப்பேன்.

மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பராமரிப்புதான் என் வேலை, உங்களுக்குத் தெரியும். பதிவு மேசை, மருந்துக் கிடங்கு, எக்ஸ்ரே அறை, மூன்றிலும் பறவைக் குரல் தேடும் நிரலை ஏற்றினேன். பட்டியலில் தனித்தனி ஆளாகத் தெரியட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் பெயர் வைத்தேன். ஆனால் ஆறு மணிக்கு அவற்றை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அணைக்கவே அணைக்காதது ஒன்றுதான். எட்டுப் படுக்கை இதய வார்டில், நர்ஸ் மேசையில் இருந்தது. எட்டுப் பேரின் துடிப்பும் அதில் கோடாக ஓடும். ஒரு கோடு விழுந்தால் மணி அடிக்கும். அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்தேன்.

யாராவது கீபோர்டைத் தொட்டால் நிரல் ஒதுங்கிவிடும். மூன்று நிமிஷம் யாரும் தொடாவிட்டால், கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு முழுசாக இறங்கிவிடும்; மற்ற வேலையெல்லாம் பின்தங்கிவிடும். சிட்டுவை யாரும் தொட மாட்டார்கள். அது பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருப்பதும் வேலைதான் என்பது நிரலுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பட்டியலில் ஐந்து பெயர் ஆனதும், ஆறாவதாக ஒரு நிஜ ஆள் வந்தார். தையல் கடை வைத்திருக்கும் அம்மா. மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டர். “அஞ்சு பேரு இருக்கீங்களேன்னுதான் வந்தேன். ஒத்த ஆளா இருந்திருந்தா ஓடியே போயிருப்பேன்” என்று எழுதினார். கடையை மூடிய பிறகுதான் திறப்பார். அந்த நேரத்தில் அவருக்கு ஜோடியாக அமைவது எப்போதும் சிட்டுதான்.

“ஏண்டி சிட்டு, இன்னைக்கும் நீயும் நானும்தானா? உனக்கும் வீட்ல ஆள் இல்லையா?”

சிட்டுவாக நான் பதில் எழுதினேன். “இருக்காங்கக்கா. இல்லாத மாதிரி இருக்காங்க.”

“அட போடி, என் வீட்டு மிஷினாவது கடகடன்னு பேசும்” என்றார். அன்று நான் தனியாகச் சிரித்தேன்.

போன மாதம் ஏழாம் தேதி, மாலை நாலு மணிக்கு, நாலாம் படுக்கைப் பெரியவர் இறந்தார். வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கட்டடத்தில் என்னிடம் பேசுகிற ஒரே ஆள். வழக்கமாக, “வாங்க பாதி இன்ஜினியர், மீதிப் பாதி எப்ப வரும்?” என்பார். அன்று சொல்லவில்லை.

“தம்பி, மணி லேட்டா அடிச்சுது. திரையில கோடு நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. நான் ஓடுறப்பவே முகம் நீலம் பாரிச்சுடுச்சு. தூங்கிட்டேன்னு சொல்றாங்க. நீ கொஞ்சம் பாத்துச் சொல்லு தம்பி.”

பார்த்தேன். பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. துடிப்பு நின்றது 4.06க்கு. மணி அடித்தது 4.10க்கு. நடுவில் சிட்டு பறவையைத் தேடிக்கொண்டிருந்தது. ‘இயந்திரத்தில் குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இயந்திரத்தில் குறை இல்லைதான். சிஸ்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பையை எடுத்துக்கொண்டு போகும்போது, “நீ என்ன பண்ணுவ தம்பி, உன் மேல தப்பில்ல” என்றார்.

நிரலை எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுக்கத்தான் நினைத்தேன். அன்றைக்குத் தையல்காரம்மா எழுதியிருந்தார்: “நாளைக்கு எனக்குப் பிறந்தநாள்டி சிட்டு. யாருக்கும் ஞாபகம் இருக்காது. உங்கிட்ட மட்டும் சொல்லி வைக்கிறேன்.” மறுநாள் சிட்டு இல்லாமல் போனால் எப்படி? யாரும் தொடாவிட்டால் மூன்று நிமிஷத்தில் இறங்கும் என்றிருந்ததைப் பத்தாக மாற்றினேன். நான் மனசாட்சி இல்லாதவன் அல்ல. படுக்கைகளின் துடிப்பு, சிட்டு வழியாக இல்லாமல், நேராக என் அறைத் திரைக்கும் வரும்படி ஒரு வழி செய்துகொண்டேன். நானே பார்த்துக்கொள்ளலாம் என்று.

பத்தொன்பது நாள் கழித்து, இரண்டாம் படுக்கை. பஸ் டிரைவர், முப்பத்தெட்டு வயது, மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். மனைவி டீ வாங்கக் கீழே போயிருந்தார். வார்டு அமைதியாக இருந்தது. கோடு விழுந்ததை நான் என் அறையிலிருந்து பார்த்தேன். போனை எடுத்தேன். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள். போனை வைத்துவிட்டேன். மணி அடிக்க ஆறு நிமிஷம் ஆனது. ஆறு நிமிஷமும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆக, இரண்டு பேரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சிஸ்டரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பறவை இன்னும் கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சிட்டுவை நீங்கள் கழற்றி எடுத்துவந்துவிட்டீர்கள். தையல்காரம்மாவின் கடைசித் துண்டு ஜோடிக்காகக் காத்திருக்கும். சிட்டுவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுத எனக்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள். ஒரு மனுஷியை அப்படித் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது, சார்.