"படி காலியா" சங்கத்தில் ஓர் அவசர உரை

இதை யாருக்கும் காட்டாதீர்கள். சங்கத்துக்கு வெளியே ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். ஊர் சிரிக்கும். அம்மா விழித்தால், "இதுக்கு எதுக்குடி இவ்ளோ எழுதுற, போய்த் தட்டு" என்பார்.

கேமராவை அணைத்துவிட்டு அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, கதவுத் துளையில் கண் வைத்தே காலம் கழித்த பெரியோர்களே, குப்பைப் பையோடு கதவுக்குப் பின்னால் காத்து நிற்கும் தாய்மார்களே, வணக்கம்.

அண்டை வீட்டாரைப் படிக்கட்டில் சந்தித்துவிடுவோமோ என்று அஞ்சாதவர் பின்லாந்தின் நம் குவோபியோ நகரில் உண்டா? அந்த அச்சத்தை அன்பாக மாற்றியது எது? இந்தச் சங்கம் அல்லவா? "படி காலியா?" என்று ஒருவர் போனில் கேட்க, "காலி, ஓடுங்க" என்று இன்னொருவர் எழுத, எத்தனை குப்பை வெளியேறியது, எத்தனை நாய்கள் நடை போயின!

நம் முதல் நேரடிக் கூட்டத்தை மறப்போமா? அவரவர் காரில் அமர்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மாலை முழுதும் செய்தி அனுப்பிக்கொண்டோம். "இவ்ளோ கூட்டம் எனக்குத் தாங்காதுப்பா" என்று பாதியில் கிளம்பியவர் யார்? சிரிக்காதீர்கள் ரைலி அக்கா, நீங்கள்தான்.

அப்பேர்ப்பட்ட சங்கத்தில் இன்று ஒரு குரல் இல்லை. காலையில் முதல் ஆளாய் "மூணாம் மாடி காலி" என்று எழுதும் என்சியோ ஐயா வியாழக்கிழமையிலிருந்து எழுதவில்லை. நாம் என்ன செய்தோம்? இதயம் அனுப்பினோம். பூ அனுப்பினோம். "தனிமை வேணும்னா எடுத்துக்கோங்க" என்று எழுதினோம். யாராவது கதவைத் தட்டினோமா?

"ஹில்லா, நீ அதே கட்டடம்தானே?" என்று மார்த்தி அண்ணன் கேட்கிறார். ஆமாம் அண்ணா, இரண்டாம் மாடி. துளையில் பார்த்தேன். படி காலிதான். அது காலியாக இருப்பதுதான் இன்று பயமாக இருக்கிறது.

படி காலியாக இருக்கவா சங்கம் வைத்தோம்? பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தானே வைத்தோம்? மூணாம் மாடிக்கு ஏறுவேன். கதவைத் தட்டுவேன். பதில் வராவிட்டால் அம்மாவையே எழுப்புவேன். இதுவரை பொறுத்திருந்த அனைவருக்கும் நன்றி கூறி, காலணியை மாட்டிக்கொண்டு, உங்களிடமிருந்து விடை...

யாரோ தட்டுகிறார்கள். எங்கள் கதவை. கதவில் கடிதம் போடும் திறப்பின் மூடி மெல்ல உயர்கிறது.

"பயப்படாதம்மா, என்சியோ. போன் பட்டாணி சூப்புல விழுந்துடுச்சு. போன் இல்லாம படி காலியான்னு யார்கிட்ட கேக்கறது? அதான் வெளியவே வரல. உன்கிட்டக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். இப்போ படி காலியா?"