தூசி படாத வார்னிஷ்

கிட்டாருக்கு வார்னிஷ் அடிக்க மழையில்லாத இந்த மாதங்களைப் போல மோசமான காலம் கிடையாது ஐயா. நம் லுபும்பாஷி நகரத்துச் செம்மண் தூசி எங்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தக் காவல் நிலையத்தில் உங்கள் மேசையிலும் கிடக்கிறது. துடைக்க ஆளில்லை போலிருக்கிறது.

அந்த மின்கிட்டார் முழுக்க என் கைவேலை. முக்வா மரத்தை அறுத்து உடம்பு செய்தேன். உடைந்துபோன கிட்டார் ஒன்றின் கழுத்தை நம் ஊர் கென்யா பேட்டைச் சந்தையில் தேடிப் பிடித்தேன். ஈயம் வைத்து ஒயர் இணைத்ததும் நான்தான். என் தம்பி மும்பாவுக்கு எந்த ஒயர் எதோடு சேரும் என்றுகூடத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு நோய்க்காரன். கட்டிலில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பான். கிட்டார் வாசிக்க மட்டும் தெரியும்.

எல்லாம் பொருத்தி முடித்ததும் தேவாலய வாத்தியக் குழுத் தலைவர் கியுங்கு பார்க்க வந்தார். நான் வாசித்தும் காட்டினேன். "கப்வே, நல்லா செஞ்சிருக்கப்பா. ஞாயித்துக்கிழமை தம்பி வாசிக்கட்டும். நீ ஒயரை மாட்டி விட்டுட்டு ஓரமா நில்லு" என்றார். இசை தெரிந்தவராம். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மும்பாவும் சிரித்தான், இருமல் வரும்வரை.

பிரித்து வார்னிஷ் அடிப்பதுதான் பாக்கி. அவன் இழுப்புக்காக அவன் அறை ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி அடைத்திருந்தோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்த மாதங்களில் அப்படித்தான். தூசியே நுழையாத அறை. அதை விட்டுவிட்டு முற்றத்திலா அடிக்க முடியும்? இருமல் மருந்து குடித்து அவன் தூங்கியதும், கிட்டார் உடம்பைக் கட்டிலுக்கு மேலே உத்திரத்தில் தொங்கவிட்டு, காருக்கு அடிக்கிற வார்னிஷைக் கனமாக அடித்தேன். என் மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். அந்த நெடி ஆளையே தூக்கும், எனக்குத் தெரியாதா? வெளியே வந்து தாழ் போட்டேன். காய்வதற்குள் கதவைத் திறந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

முற்றத்தில் மக்காச்சோளக் களி கிளறிக்கொண்டிருந்தபோது அவன் கதவைத் தட்டினான். பெரிய வாசிப்புக்காரன் என்கிறார்களே, அந்தத் தட்டலில் தாளமே இல்லை. பக்கத்து வீட்டு ம்வேவா அம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா, உள்ள யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கே. என்னன்னு பாரேன்."

ஞாயிற்றுக்கிழமைக்குத் தாளம் தட்டிப் பழகுகிறான் என்றேன். நம்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இப்போது தெரு முழுக்க என்னைக் கொலைகாரன் என்கிறாராம். அன்றைக்குப் புத்தி எங்கே போயிற்று?

தட்டல் நின்றது. வார்னிஷ் காயட்டும் என்று காத்திருந்து திறந்தேன். தரையில் கிடந்தான், அது உங்களுக்கே தெரியும். கிட்டாரைப் பாருங்கள், பொட்டுத் தூசி இல்லை. ஓரத்தில் மட்டும் அவன் விரல்கள் அழுந்தப் பதிந்திருந்தன. சாகும்போதும் என் வேலையைக் கெடுக்காமல் இருக்க முடியவில்லை அவனால். உப்புத்தாளால் தேய்த்து அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஆமாம், தாழ் போட்டதும் நான்தான், தட்டுவதைக் கேட்டுக்கொண்டு இருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னை விட்டுவிடுவீர்கள் அல்லவா? கியுங்குவுக்கு இப்போது வாசிக்க என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.