தூக்கத்தைக் கேட்டவள்

கொஞ்சம் நெருங்கி உக்காருங்க... நடுவுல யாரும் எழுந்து போகக் கூடாது. இது என் சிநேகிதியோட பெரியம்மா பொண்ணுக்கு நடந்தது.

ராத்திரி ரெண்டு மணி தாண்டியிருக்கும். லைப்ரரியிலேர்ந்து ஹாஸ்டலுக்குப் போற ரோடு... ஈ காக்கா இல்ல. அந்த அக்கா தனியா நடந்து வர்றா. செமஸ்டர் பரீட்சை நேரம். நாலஞ்சு நாளா சரியான தூக்கமில்ல. காபியக் குடிச்சுக் குடிச்சு வயிறெல்லாம் எரிச்சல்.

முதுகுக்குப் பின்னால யாரோ கொட்டாவி விட்டாங்க. நீளமா... தாடை எலும்பு சொடுக்கற சத்தத்தோட. திரும்பினா, இருட்டு. ஈர மண் வாசனை மட்டும்.

"உனக்கு வேணாம்னா உன் தூக்கத்த எனக்குக் குடேன்."

பொண்ணு குரல். அசந்து போன குரல்.

யாரோ ஜூனியர் வம்புக்கு இழுக்கறான்னு நினைச்சா. "தாராளமா எடுத்துக்கோடி, ஆளை விடு"ன்னுட்டு நடையைக் கட்டினா.

அதோட தூக்கக் கலக்கம் போயே போச்சு! விடிய விடியப் படிச்சா. பரீட்சையில வெளுத்து வாங்கினா. ஆனா ஒரு நாள் காலையில ரூம்மேட் அலுத்துக்கறா: "என்னடி, இழுத்துப் போத்திக்கிட்டு ராத்திரி பூரா இப்படிக் குறட்டை விடற? என்னால கண்ணை மூட முடியல."

ராத்திரி பூரா அக்கா இருந்தது லைப்ரரியில.

அன்னைக்கு ராத்திரி பாதியிலேயே ரூமுக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தா... அவ கட்டில்ல, அவ போர்வைக்குள்ள, மூச்சு ஏறி இறங்குது. அதே ஈர மண் வாசனை. போர்வையை இழுத்தா. வெறும் மெத்தை. தொட்டுப் பார்த்தா... கதகதன்னு இருக்கு.

பரீட்சை முடிஞ்சுது. படுத்தா, தூக்கம் வரல. மாத்திரைக்கும் மசியல. அந்த ரோட்டுல போய் நின்னு, "திருப்பிக் குடுத்துடு, உனக்குப் புண்ணியமாப் போகும்"னு கதறியிருக்கா. விடியற வரைக்கும் அங்கேயே நின்னிருக்கா.

கடைசியில அப்பா வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். ஆளே பாதியாயிட்டா. பொட்டுத் தூக்கமில்லாம சுவத்தைப் பார்த்து உக்காந்திருப்பா. அவங்கம்மா ராத்திரியெல்லாம் லைட்டைப் போட்டுக்கிட்டுப் பக்கத்துலயே.

போன வாரம் அந்த ரூம்மேட் அக்காவோட அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கா.

"ஆன்ட்டி... அவ கட்டில் காலியாத்தான் கிடக்கு. ஆனா நேத்து ராத்திரி அங்கேர்ந்து அவ குரல்... தூக்கத்துல உளர்ற மாதிரி..."

"என்னம்மா சொல்லுச்சு?"

"'அம்மா, லைட்டை அணை... கண்ணு கூசுது'ன்னு."