மஞ்சளடிக்காத வெள்ளை

எல்லா நிறங்களிலும் வெள்ளைதான் தொல்லை பிடித்தது, ஐயா. கறுப்பு எதையும் பொறுத்துக்கொள்ளும். சிவப்பு கொஞ்சம் கருகினாலும் அரக்கு என்று சொல்லி விற்றுவிடலாம். வெள்ளையை மட்டும் ஓவனில் சற்றுக் கூடுதலாக விட்டால் பழைய பல் மாதிரி மஞ்சளடித்துவிடும். பிறகு அதை மீனும் சீண்டாது, மீன் பிடிக்கிறவனும் சீண்ட மாட்டான். அந்த வெள்ளையில்தான் நான் மாட்டிக்கொண்டேன் என்கிறீர்கள். சரியாகத்தான் சொல்கிறீர்கள். டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

எங்கள் தொழில் உங்களுக்குப் புதிது போலிருக்கிறது. ஜிக் என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தால் ஒரு சின்ன மீன் தலை, அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் தம்பி ஈயத்தை உருக்கி அச்சில் வார்ப்பான். நான் பவுடர் பூசுவேன். அந்தத் தலையைச் சூட்டுக் காற்று ஊதும் கருவியில் காட்டி, நிறப் பவுடருக்குள் ஒரு முக்கு முக்கித் தட்டி எடுத்தால் பவுடர் உருகி ஒட்டிக்கொள்ளும். தூண்டில் நரம்பு கோக்கிற துளை அடைத்துக்கொள்ளாமல் ஊசியால் குத்திவிட்டு, கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு ஓவனில் வேக வைக்க வேண்டும். நன்றாக வெந்த பூச்சு பாறையில் அடித்தாலும் பெயராது. அரைவேக்காடு நகம் பட்டாலே உரிந்துவிடும். நான் எந்த வேலையையும் அரைவேக்காட்டில் விட்டதில்லை.

அம்மா இறந்துபோனபோது தம்பிக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி அவனை ஆளாக்கியது நான். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள், பையனை ஹாஸ்டலில் சேர்த்துவிடலாமே என்றார்கள். வாசலைக் காட்டினேன். இதைத் தியாகம் அது இது என்று சொல்லிக்காட்டுகிற ஆள் நான் இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவனுக்கு உறைத்திருக்குமோ என்னவோ.

உங்களிடம் புகார் கொடுத்த பெண், எங்கள் சரக்கை வாங்கி விற்கிற தூண்டில் கடைக்காரரின் மகள். முதலில் ஆர்டர் சொல்ல வந்தாள். பிறகு பூச்சு வேலை கற்றுக்கொள்ள ஆசை என்று வந்தாள். நானே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவள் பூசினால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரிசிரியென்று சிரிப்பான். என் பூச்சைப் பார்த்து அவன் சிரித்ததும் இல்லை, ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னான். இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறார்களாம். அவர்கள் கடைக்குப் பின்னால் நல்ல இடம் இருக்கிறதாம். ஈயம் உருக்குகிற சட்டியும் அச்சும் அங்கே போய்விடுமாம். பூச்சை அவளே பார்த்துக்கொள்வாளாம்.

"நீ பட்டதெல்லாம் போதும்க்கா. இனிமேயாவது நிம்மதியா இரு."

நல்ல மனசோடுதான் சொன்னான். ஓவனை எனக்கே விட்டுவிட்டுப் போவதாகவும் சொன்னான். வெறும் ஓவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றுதான் கேட்டேன். வயிறு எரிந்தது, ஐயா. அதை மறைப்பானேன்.

ஈயத்துக்குத் தண்ணீர் ஆகாது. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு போனாலும் அது ஆவியாகி, சட்டியில் இருப்பதை மேலே தூக்கி அடித்துவிடும். நாங்கள் உருக்குவது பழைய வலைகளிலிருந்து வெட்டியெடுத்த ஈயக்குண்டுகளை. கயிறு ஓடுவதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு துளை இருக்கும், ஈரம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் குண்டுகளை ஓவனில் வைத்து நன்றாகக் காய வைத்துக் கொடுப்பதும் என் வேலைதான். ஒவ்வொரு தடவையும் தம்பி காய்ந்ததா என்று கேட்பான். நான் காய்ந்தது என்றதும் பேருக்கு ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுச் சட்டியில் போடுவான்.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாளில் கடைக்கு வெள்ளை ஜிக் நிறைய வேண்டியிருந்தது. காலையிலிருந்தே ஓவனில் வெள்ளைதான், ஒரு வரிசை இறங்க அடுத்தது ஏறும். அழுக்குக் குண்டைக் கூட வைத்தால் புகை படிந்து வெள்ளை பாழாகிவிடும் என்பதால் குண்டுகள் ஓவனுக்குள் போகவே இல்லை. தம்பி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வார்ப்பான். மதியம் சட்டியில் ஈயம் குறைந்ததும் திரும்பாமலே கேட்டான்.

"குண்டு காஞ்சிடுச்சாக்கா?"

"காஞ்சிடுச்சு."

நான் செய்தது அவ்வளவுதான். அவனைத் தொடக்கூட இல்லை.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. கொதிக்கும் எண்ணெயில் ஈரக்கரண்டி பட்டதுபோல ஒரு சடசடப்பு, பிறகு யாரோ தும்மிய மாதிரி ஒன்று. ஈயம் அவன் முகத்துக்குப் போனது. கீழே விழுந்து அக்கா, அக்கா என்று கத்தினான். அவள் பேரைச் சொல்லவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஓவன் மணி அடித்தது. உள்ளே இருப்பது வெள்ளை ஆயிற்றே. கையுறையை மாட்டிக்கொண்டு, கம்பிகளை வெளியே எடுத்துத் தொங்கவிட்டேன். பிறகு அவனிடம் போனேன்.

அப்போது விசாரிக்க வந்த உங்கள் ஆட்களிடம், ஓவனில் குண்டுகள்தான் காய்ந்துகொண்டிருந்தன, எங்கேயோ ஈரம் தங்கிவிட்டது போல என்றேன். ஆஸ்பத்திரியில் அவனும், அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றானாம். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அவள் ஓடி வந்தபோது அவனை ஆம்புலன்ஸில் ஏற்றியாகிவிட்டது. அடுப்பை அணைத்துக் கொட்டகையைப் பூட்டும்படி சாவியை அவள் கையில் கொடுத்தவள் நான்தான். உள்ளே கம்பியில் வெள்ளை ஜிக்குகள் பளிச்சென்று தொங்கியிருக்கின்றன, தொட்டால் இன்னும் சூடு. அழுகையில் அவளுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தனியாகப் பூச்சு வேலை செய்கிறாள். போன வாரம் யாருடனோ போன் பேசி முடிப்பதற்குள் அவளுடைய வெள்ளை முழுவதும் மஞ்சளடித்துவிட்டதாம். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்துவிட்டாள். ஓவனில் வெள்ளை இருந்ததென்றால் குண்டு எங்கே காய்ந்தது, அவர் துடித்துக்கொண்டிருந்தபோது நிதானமாக அதை வெளியே எடுத்தது யார் என்று கேட்டாளாம். கெட்டிக்காரி. நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

அவள் அவனைப் பார்க்க வராமல் இல்லை. வாசலில் வந்து நிற்பாள். தூங்குகிறான் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். யாரக்கா வந்தது என்று உள்ளே இருந்து கேட்பான். தபால்காரர் என்பேன். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டான். இப்போது கொட்டகையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊசியால் துளை குத்தித் தருகிறான். அதற்குக் கண் வேண்டியதில்லை. இது என்ன கலர் என்று கேட்பான். அவனுக்கு நீலம் பிடிக்கும் என்பதால் எதைக் கொடுத்தாலும் நீலம் என்றுதான் சொல்வேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறான்.

அவனுக்குக் கெடுதல் நினைத்தாயா என்று கேட்டீர்கள். கையில் சின்னதாக ஒரு சூடு பட்டால் கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போகுமே என்றுதான் நினைத்தேன். என் முகத்தையே பார்க்கிறீர்கள். சரி, மீதியையும் சொல்லிவிடுகிறேன். குண்டுகளைக் காலையில் வாளித் தண்ணீரில் ஊறப் போட்டது நான்தான். தடவிப் பார்ப்பான் என்பதால் மேலே மட்டும் துணியால் துடைத்தேன். வார்க்கும்போது அவன் போட்டுக்கொள்கிற பாதுகாப்புக் கண்ணாடியையும் கழுவி வெளியே கொடியில் மாட்டினேன். அதை அவன் கேட்டான். இன்னும் காயவில்லை என்றேன். அது உண்மை.

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், ஐயா. நான் இல்லாதபோது அவனைப் பார்த்துக்கொள்ள யாரையாவது வைப்பீர்கள். அவனிடம் பொய் சொல்லாத ஆளாகப் பார்த்து வையுங்கள். எது சொன்னாலும் நம்பிவிடுவான், நான் அப்படி வளர்த்துவிட்டேன்.