கடை யார் பேர்ல

நவமணி: ...என் வீட்டுக்காரரு நல்லாத்தான் இருக்காரு, வீட்டுல படுத்திருக்காரு. நீ மொதல்ல அந்த டேப்புக்குப் பின்னாடி நில்லு. ஒரு மீட்டர்னு நீங்கதான ஒட்டிட்டுப் போனீங்க?

குகன்: நிக்கிறேன்கா. மாஸ்க் கூட ரெண்டு போட்டிருக்கேன், பாருங்க.

நவமணி: அதான் பேச்சு பாதிதான் வெளிய வருது. என்ன வேணும், தோசையா?

குகன்: தோசை அப்புறம். இப்ப சேது அண்ணன்தான் வேணும்.

நவமணி: அவரைத் திங்க முடியாதுலா.

குகன்: ஐயோ அக்கா... விளையாடாதீங்க. மஜ்லிஸ் வேலையா, நகராட்சி ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேன். அண்ணனைக் கூப்பிடுங்க.

நவமணி: அவரு வெளிய போயிருக்காரு.

குகன்: இப்பதான வீட்டுல படுத்திருக்காருன்னீங்க?

நவமணி: படுத்திருந்தாரு. எழுந்திரிச்சிப் போயிட்டாரு. பாசிர் பெனம்பாங் பக்கம், மீன் வாங்க.

குகன்: வெள்ளிக்கிழமையில மீனா? உங்க வீட்டுலயா?

நவமணி: ...நாளைக்கு ஆக்கறதுக்குடா. வாங்கி வைக்கக் கூடாதா? மீன் வாங்கறதுக்கும் மஜ்லிஸ்ல லைசென்ஸ் எடுக்கணுமா?

குகன்: கோவிச்சுக்காதீங்க. சும்மா கேட்டேன்.

நவமணி: சும்மா கேக்கறவன் முன்னல்லாம் தினம் வந்து கேட்டுட்டுப் போவான். நாலு தோசை தின்னுட்டு, அண்ணே இன்னும் கொஞ்சம் சட்னின்னு அவரோட உயிரை எடுப்பான். ஆளையே காணோமே இத்தனை மாசமா? கடைத்தெரு பக்கமே தலை காட்டல.

குகன்: வேற வேலைக்கு மாத்திட்டாங்கக்கா.

நவமணி: என்ன வேலை?

குகன்: அது... அங்கயும் இங்கயும். ஆள் பத்தாத எடத்துக்கெல்லாம். அதை விடுங்க. நீங்க எப்படி இருக்கீங்க? பொட்டு முன்னவிடப் பெருசா இருக்கு?

நவமணி: புருஷன் இருக்கிறவ வச்சிருக்கேன். உனக்கு என்ன நோவுது?

குகன்: ஒன்னும் நோவலக்கா. ஒன்னும் இல்ல.

நவமணி: அப்புறம் ஏன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்ட? சரி, வந்த விஷயத்தைச் சொல்லு. கல்லு காயுது.

குகன்: இந்த வரிசையில இருக்கிற கடையெல்லாம் மஜ்லிஸ் ரோட்டு ஓரத்துக்குக் கொண்டுபோகப் போகுது. புதுக் கூடாரம் போட்டு, காரை நிறுத்தி, எறங்காமலே பொங்குஸ் பொட்டலம் வாங்கிட்டுப் போற மாதிரி. வாடகை கிடையாது. இந்த பிகேபி ஊரடங்கு முடியற வரைக்கும் சுத்தமா கிடையாது. கரண்டும் மஜ்லிஸே பார்த்துக்கும்.

நவமணி: நெசமாவா?

குகன்: சத்தியமா. 

நவமணி: இதை எப்ப சொன்னீங்க?

குகன்: போன மாசமே போர்டுல ஒட்டினோம்.

நவமணி: எந்தப் போர்டுல?

குகன்: ஆபீஸ் வாசல்ல.

நவமணி: ஊரையே வீட்டுக்குள்ள பூட்டி வச்சிட்டு, ஆபீஸ் வாசல்ல ஒட்டினா யாருடா வந்து படிப்பா? காக்காவா? யாரும் உக்காரக் கூடாதுன்னு நாற்காலியில சங்கிலி கட்டறதுக்கு மட்டும் ஆறு பேரு லோரியில வந்து எறங்கினீங்க. நல்ல சேதியைச் சொல்ல ஒரு மனுஷன் நடந்து வரல.

குகன்: தப்புதான்கா. அதைச் சொல்லித்தான் மேல சண்டை போட்டு, இன்னைக்கு நானே கடை கடையா வர்றேன்.

நவமணி: அப்ப எங்க கடையும் உண்டுதான?

குகன்: அதுக்குத்தான் அண்ணன் வேணும். லைசென்ஸ் அவரு பேர்ல இருக்கு. மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் எங்க ஆபீசர், பெகாவாய் வர்றாரு. லைசென்ஸ் ஆளு நேர்ல நிக்கணும். நிக்காத கடையை அப்படியே எடுத்து, காத்துக்கிட்டு இருக்கிற வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.

நவமணி: நான் நிக்கறேன். நான்தான மாவாட்டறேன், நான்தான சுடறேன்.

குகன்: உங்க பேர்ல இல்லையேக்கா.

நவமணி: பொண்டாட்டி நின்னா ஆகாதா?

குகன்: அண்ணன் உயிரோட இருந்தா... அண்ணன்தான் நிக்கணும்.

நவமணி: இருந்தான்னா என்ன அர்த்தம்? வாயில வேற வார்த்தை வராதா உனக்கு? பார்த்துப் பேசு.

செல்வா: அக்கா! ரெண்டு தோசை, ஒரு தே தாரேக், பொங்குஸ்! கொஞ்சம் சீக்கிரம். லோரியை வளைவுல நிறுத்திட்டு வந்திருக்கேன், பின்னாடி பூரா செம்பனைக் குலை.

நவமணி: இந்தா, ஒரு நிமிஷம் செல்வா. சட்னி தனியா கட்டவா?

செல்வா: தனியா தனியா. அண்ணன் எங்க? ரொம்ப நாளா தே தாரேக்ல நுரையே இல்ல. அவரு கை வந்தாத்தான் நுரை வரும்.

நவமணி: பின்னாடி வெங்காயம் உரிக்கிறாரு.

செல்வா: அண்ணே! சேது அண்ணே! ...என்னக்கா, குரலே குடுக்க மாட்டேங்கிறாரு?

நவமணி: காதுல அந்த வயரை மாட்டிக்கிட்டுப் பாட்டு கேக்கறாரு. இந்தா பிடி, தே சூடா இருக்கு. போ, போலீஸ் வந்தா லோரிக்குச் சம்மன் போடுவான்.

செல்வா: வர்றேன்கா. அண்ணனைக் கேட்டேன்னு சொல்லுங்க.

நவமணி: சொல்றேன்... சொல்றேன். ...நீ என்ன குகா, அப்படிப் பார்க்கிற?

குகன்: மீன் வாங்கப் போனவரு பின்னாடி வெங்காயம் உரிக்கிறாரு.

நவமணி: ஆமாம். வந்துட்டாரு.

குகன்: அப்ப கூப்பிடுங்கக்கா. பார்த்துட்டுப் போயிடறேன்.

நவமணி: முடியாது.

குகன்: அக்கா...

நவமணி: முடியாதுன்னா முடியாது. அவருக்கு ஒடம்பு முடியல, ஆள் முன்னாடி வர மாட்டாரு. உன் பெகாவாய்கிட்ட நீயே ஏதாவது சொல்லிச் சமாளி. எத்தனை தோசை தின்னிருப்ப இந்தக் கடையில? அந்த நன்றி இல்லையா?

குகன்: நன்றி இருக்கிறதாலதான்கா வெயில்ல நிக்கிறேன். ஒன்னு கேளுங்க. சத்தம் போடாம கேளுங்க. முன்னாடி ஒரு சட்டம் இருந்துச்சு. லைசென்ஸ் ஆளுக்கு ஏதாவது... ஆயிட்டா, கடை திரும்ப மஜ்லிஸுக்குப் போயிடும்.

நவமணி: தெரியும். நல்லாத் தெரியும். அந்தக் கோடிக் கடையில நாசி லெமாக் சோறு வித்துச்சே, மலாய்க்கார அம்மா. புருஷன் மண்ணுக்குள்ள போன ஈரம் காயல, வந்து பூட்டுப் போட்டீங்க. பூட்டுக்கு வெளிய அது சட்டியைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்து அழுதுச்சு. நானும் இவரும்தான் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போயி வீட்டுல விட்டோம். 

குகன்: அந்தச் சட்டம் இப்ப இல்லக்கா.

நவமணி: என்னது?

குகன்: இந்த நோயில நெறைய பேரு போறாங்கன்னு, மஜ்லிஸ்ல கூட்டம் போட்டு மாத்திட்டாங்க. புருஷன் போயிட்டா, கடை பொண்டாட்டி பேருக்கே வரும். மாத்தறதுக்குக் காசு கிடையாது. ஆனா ஆளு இல்லன்னு பொண்டாட்டியே வந்து வாயால சொல்லணும். இன்னைக்குள்ள சொல்லணும். இன்னைக்குப் பெகாவாய் வந்துட்டுப் போனா முடிஞ்சிச்சு, லிஸ்ட்டை மூடிடுவாங்க.

நவமணி: ...இதுவும் அந்தப் போர்டுல ஒட்டினீங்களா?

குகன்: ஆமாம்கா.

நவமணி: நாசமாப் போக உங்க போர்டு.

குகன்: போகட்டும்கா. இப்பச் சொல்லுங்க. கடை யார் பேர்ல எழுதட்டும்?

நவமணி: எதுக்கு என் பேரு? அவரு குத்துக்கல்லாட்டம் இருக்காரு.

குகன்: அக்கா, நான் சொன்னது புரியலையா? அண்ணன் இருக்காருன்னு நீங்க சொல்லச் சொல்லத்தான் கடை கையை விட்டுப் போகுது. இல்லன்னு சொன்னா நிக்கும்.

நவமணி: என்ன சொல்லச் சொல்ற என்னை? பச்சைப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்ற... உனக்கு யாருடா சொன்னது அவரு இல்லன்னு? யாரு வந்து வத்தி வச்சது?

குகன்: யாரும் சொல்லல.

நவமணி: அப்புறம்? ஒருத்தருக்கும் தெரியாது. எஸ்டேட்டுல என் நாத்தனாரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. கேக்கறவங்ககிட்ட எல்லாம் ஒடம்பு முடியல, முடியலன்னே சொல்லிட்டு வர்றேன். அந்த நோயில போன ஆளு கடைன்னு தெரிஞ்சா எவன் வந்து தோசை வாங்குவான்? இந்த லோரிக்காரன் வருவானா?

குகன்: அழாதீங்கக்கா.

நவமணி: அழல. வெங்காயம். ...பதினாறாம் நாளு தாலியைக் கழட்டுன்னு நின்னா நாத்தனா. மாட்டேன்னுட்டேன். எங்க அண்ணன் செத்ததுல உனக்குத் துக்கமே இல்லையாடி, பூ கேக்குதா உனக்குன்னு கேட்டா. வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்திட்டுப் போனா. அவளுக்கு எப்படிச் சொல்லுவேன்? நெத்தி வெறும் நெத்தியாயிட்டா அன்னைக்கே கடையைப் பூட்டிடுவாங்கன்னு பயந்து, காலையில எழுந்ததும் கண்ணாடி முன்னாடி நின்னு இந்தக் கருமத்தை வைக்கிறேன்டா. கடை இல்லன்னா எனக்கு வேற என்னடா இருக்கு? மகன் சிங்கப்பூர்ல மாட்டிக்கிட்டான், அவனுக்கே அங்க வேலை இல்ல.

குகன்: இனி பூட்ட மாட்டாங்கக்கா. அதுக்குத்தான் சொல்றேன். பெகாவாய்கிட்ட ஒரே ஒரு வார்த்தை. அண்ணன் தவறிட்டாருன்னு.

நவமணி: அந்த வார்த்தை வர மாட்டேங்குதே குகா.

குகன்: வரும்கா.

நவமணி: எப்படி வரும்? நான் பார்க்கலையே. ஆம்புலன்ஸ்ல தானேதான் ஏறினாரு. சாம்பார் அடுப்புல இருக்கு, அடிப் புடிச்சிடாமப் பார்த்துக்கன்னாரு. அவ்வளவுதான். மறுநாள் எனக்கும் நோய் இருக்குன்னு சொல்லி என்னைக் கொண்டு போயி சென்டர்ல போட்டுட்டாங்க. அங்க கட்டில்ல படுத்துக்கிட்டு இருக்கேன், ஒரு போன் வருது, மலாய்ல. பேரைச் சொல்லி, மன்னிச்சுக்கங்கன்னு வச்சிட்டாங்க. மொகத்தைக் காட்டல. குளிப்பாட்டல. ஒரு கோடித் துணி போடல. வாய்க்கரிசி போட ஒரு சொந்தம் பக்கத்துல இல்ல. யாரோ எவனோ கொண்டு போயி எரிச்சிட்டு, ஒரு சட்டியில சாம்பலைக் குடுத்தாங்க. அது யாரு சாம்பலோ! நான் எப்படி நம்புவேன்?

குகன்: அக்கா, அங்க பாருங்க. மஜ்லிஸ் கார் திரும்புது. பெகாவாய் வந்துட்டாரு.

நவமணி: வரட்டும்.

குகன்: கெஞ்சிக் கேக்கறேன்கா. சொல்லிடுங்க.

நவமணி: பார்த்தவன் ஒருத்தன் வந்து என் முன்னாடி நின்னு சொல்லட்டும். ஆமாம், அது சேதுதான், நான் அனுப்பி வச்சேன்னு சொல்லட்டும். இந்த நிமிஷமே பொட்டை அழிச்சிட்டு உன் பெகாவாய்கிட்டப் போயி நானே சொல்றேன். இருக்கானா அப்படி ஒருத்தன்? யாரு பார்த்தா? நீ பார்த்தியா? வாயைத் தொறந்து சொல்லுடா.

குகன்: மொகத்தைப் பார்க்கலக்கா. பையைத் தொறக்க விடல. பேரைத்தான் பார்த்தேன். மின்சுடலையில ஆள் பத்தலன்னு மஜ்லிஸ்ல எங்களைத்தான் அனுப்பினாங்க... வண்டியில இருந்து எறக்கும்போது பேரைப் படிச்சிட்டு அப்படியே நின்னுட்டேன். கூட இருந்தவங்க சீக்கிரம் சீக்கிரம்னாங்க. வாட்ச்மேன் ரூம்ல கேட்டு ஒரு பிடி அரிசி வாங்கிட்டு வந்தேன்கா. பை மேலதான் போட்டேன். வாய் எந்தப் பக்கம்னு தெரியல, குத்துமதிப்பாத்தான் போட்டேன். அண்ணே, அக்கா போடறதா நெனைச்சிக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் பட்டனை அமுக்கினேன். அதுக்கப்புறம் உங்க மூஞ்சியில முழிக்கத் தைரியம் இல்லாமத்தான் இத்தனை மாசமா நான் இந்தப் பக்கம் வரல.