பின்னால் போகக்கூடாத வண்டி

என் பெயர் தேன்மொழி த/பெ ராமையா. வயது முப்பத்தொன்பது. சாஆ என்ற ஊரில், சிகாமாட் போகும் சாலையோரம் இருக்கும் கியர்பாக்ஸ் பட்டறையின் மாடியில் குடியிருக்கிறேன். பட்டறையை நானும் என் அண்ணன் குணாளனும் சேர்ந்து நடத்துகிறோம். என் அடையாள அட்டை சரிபார்க்கப்பட்டது. நான் தமிழில் சொல்லச் சொல்ல போலீஸ் சார்ஜன் வீரமுத்து எழுதிக்கொள்கிறார், பிறகு இது மலாய் மொழியில் மாற்றப்படும் என்றும் சொன்னார். என்னை யாரும் அழைக்கவில்லை. கடந்த வெள்ளிக்கிழமை எங்கள் பட்டறை வாசலில் நடந்த விபத்துக்காக ஐயாசாமி என்பவர் மீது வழக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானாகவே வந்தேன்.

பட்டறையில் கழற்றுவதும் மாட்டுவதும் அண்ணன் வேலை. எந்தச் சாமான் போடுவது என்று முடிவு செய்வது என் வேலை. பொம்பளைக்கு கியர்பாக்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவர்கள் இப்போது தூரத்து ஸ்கூடாயிலிருந்து கூட போன் போட்டு என்னிடம்தான் கேட்கிறார்கள். அண்ணனும் நான் சொன்னதைத் தட்டியதில்லை. தானாக மாறும் ஆட்டோ கியரில் லாபிஸ், சாஆ வட்டாரத்தில் குணாளன் கை வைத்தால் வண்டி பழுதென்று திரும்பி வராது என்று ஒரு பேர் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

ஐயாசாமி அறுபதைத் தாண்டியவர். சின்னத் தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலையில் கொண்டுபோய்ப் போடுவது அவர் பிழைப்பு. காலமெல்லாம் கிளட்ச் மிதித்து லோரி ஓட்டியவர், முட்டி வலி வந்ததும் ஆட்டோ கியர் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கினார். போன மாதம் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். குலை ஏற்றி மேடேறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது என்றார். அதன் பிறகு அண்ணன் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தார். எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தது, கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்து வெறும் இரும்பாக இருந்தன.

பழையபடியே போட்டால் மறுபடியும் இதே கதிதான் என்பதால் எல்லாவற்றையும் ஒரு படி உயர்த்திப் போடச் சொன்னேன். பாரம் தாங்கும் பிளேட்டுகளை எடுத்தேன். எஞ்சின் சக்தியைக் கியருக்குக் கடத்தும் கன்வெர்ட்டரை மாற்றினேன். எண்ணெய் சூடாகாமல் இருக்கப் பெரிய கூலர் ஒன்றை முன்னால் வைக்கச் சொன்னேன். கடைசியாக வால்வ் பாடிக்கு ஒரு கிட் போட வேண்டியிருந்தது. கியர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு அழுத்தமாக விழ வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். அதில் மெதுவான வகை ஒன்று, கடினமான வகை ஒன்று. ஐயாசாமி மெதுவானதைக் கேட்டார். அவர் மனைவி பேச்சியம்மாள் கூடவே வண்டியில் போய் வருகிறவர், இடுப்பு வலிக்காரர். "அவ ஒடம்பு குலுங்கக்கூடாது பாப்பா, மெதுவா விழற மாதிரி போட்டுக் குடு" என்றார். நான் மாட்டேன் என்றேன். மெதுவாக விழுந்தால் பிளேட் வழுக்கும், வழுக்கினால் தீயும், பாரம் இழுக்கும் வண்டிக்கு அது ஆகாது. ஓர் அரை நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அவர் விட்டுக்கொடுத்தார், கடினமான கிட் போடப்பட்டது. அது சரியான தேர்வு. இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அதன் பிறகு அண்ணன் வண்டியை ஓட்டிப் பார்த்தார், ஐயாசாமியும் ஓட்டிப் பார்த்தார். மேட்டில் இழுவை பிரமாதம் என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஐயாசாமி ஒரே ஒரு குறை சொன்னார். ஆட்டோ வண்டியில் லீவர் பார்க்கிங்கிலிருந்து டிரைவுக்கு வர வேண்டுமென்றால் நடுவே ரிவர்ஸையும் நியூட்ரலையும் தாண்டித்தான் வர வேண்டும். சாதாரணமாக ரிவர்ஸைத் தாண்டுவது தெரியவே தெரியாது. இந்தக் கிட் போட்டதால் லீவர் ரிவர்ஸைத் தொட்ட மாத்திரத்தில் வண்டி பின்பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது. இது கோளாறு இல்லை, அந்தக் கிட்டின் குணம் என்று நான் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐயாசாமியும் பேச்சியம்மாளும் வண்டி எடுக்க வந்தார்கள். புதிதாகச் செய்த வண்டி என்பதால் பூசை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு எடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பட்டறையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எடுப்பார்கள். அண்ணன் வண்டியை வெளியே கொண்டுவந்து வாசல் சிமெண்டுத் தரையில் சாலையைப் பார்த்து நிறுத்தினார். மழைத் தண்ணீர் ஓடுவதற்காக அந்தத் தரை சாலைப் பக்கம் சரிவாகப் போட்டது. சாலையை ஒட்டிக் கால்வாய் இருக்கிறது.

அப்போது பேச்சியம்மாள் ஒன்று கேட்டார். "தம்பி, மொத மொத எடுக்கறப்ப வண்டி முன்னாலதான் போவணும், பின்னால வந்தா நல்லா இருக்காது. இது பின்னால வெட்டுதுன்னு இவரு சொல்றாரே?" ஐயாசாமியும், ஆமாம், அது என் மனசுக்கு என்னமோ போலிருக்கிறது என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது, நான் போட்ட கிட்டைக் குறை சொல்கிறார்களே என்று. அண்ணனுக்கு எரிச்சலே வராது. சிரித்தார். "இதுக்குப் போயி ஏன் கவலைப்படறீங்க? நியூட்ரல்ல வச்சிடறேன் லா. அங்கேருந்து நேரா டிரைவ் போடுங்க. ரிவர்ஸத் தொடவே வேணாம், முன்னாலதான் போவும்" என்றார்.

அப்போது நான் இடது பக்கக் கதவருகே தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி இறங்கியிருந்தது. டிரைவர் சீட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், லீவரைப் பார்க்கிங்கிலிருந்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். ரிவர்ஸைத் தாண்டும்போது வண்டி ஒரு வெட்டு வெட்டியது. "இது கணக்குல இல்ல" என்று பேச்சியம்மாளைப் பார்த்துச் சொன்னார், எல்லாரும் சிரித்தோம். எஞ்சினை ஓடவிட்டுவிட்டு இறங்கினார். வண்டி நின்றது. பார்க்கிங்கில் கியரே சக்கரத்தைப் பூட்டிவிடும், நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் மட்டும்தான் பிடிக்கும்.

அந்த வண்டியின் ஹேண்ட்பிரேக்கை நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. வந்தது கியர்பாக்ஸ் வேலைக்கு. வாடிக்கையாளர் சொல்லாததை நாங்கள் தொட மாட்டோம், எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். ஓடுவதற்கும் இழுப்பதற்கும் என்ன வேண்டும் என்று ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்தேன். நிற்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை.

அதன் பிறகு பேச்சியம்மாள் சூடம் காட்டினார், ஐயாசாமி தேங்காய் உடைத்தார். பேச்சியம்மாளால் குனிய முடியாது என்பதால் அண்ணனே பழங்களை வாங்கிக்கொண்டார். பின் டயர் இரண்டுக்கும் வைத்தார். வலது முன் டயருக்கு வைத்தார். கடைசியாக இடது முன் டயருக்கு முன்னால் மண்டியிட்டுப் பழத்தை ஒட்டி வைத்தார். அது சரிவில் உருண்டது, அதைப் பிடித்து மறுபடி வைத்தார். ஐயாசாமி ஏறுவதற்காகக் கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தார். அவர் இன்னும் உட்காரவில்லை. அப்போது அடியில் ஏதோ கம்பி அறுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வண்டி முன்னால் உருண்டது.

நான் "அண்ணே" என்று கத்தினேன். அவர் பின்னால் நகரப் பார்த்தார். டயர் அவர் வலது காலைக் கால்வாய் விளிம்போடு சேர்த்து நசுக்கியது. ஐயாசாமி உள்ளே பாய்ந்து பிரேக்கை மிதித்தார். அதன் பிறகு அவர்தான் லீவரைப் பார்க்கிங்கில் போட்டார். எதிர் காப்பிக் கடையிலிருந்து ஓடி வந்தவர்கள் பார்த்தபோது அவர் சீட்டில் இருந்தார், கை லீவரில் இருந்தது. அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அவர் அப்போது மிதித்திருக்காவிட்டால் வண்டி அண்ணனின் இடுப்பு மேல் ஏறியிருக்கும். இதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று சார்ஜனிடம் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை அண்ணனின் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்த போலீசாரிடம் அவர், வண்டியைப் பார்க்கிங்கில்தான் வைத்தேன், ஐயாசாமி ஏறும்போது பழக்கமில்லாமல் லீவரை இழுத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் நம்பிவிட்டார்கள். லோரி ஓட்டிய கிழவர், ஆட்டோ தெரியாது என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? ஐயாசாமியே நம்பிவிட்டார். நியூட்ரல் என்று சொன்னது காதில் விழுந்தது, ஆனால் வைத்ததை நான் பார்க்கவில்லை, பயத்தில் ஏறினேன், கை எங்கே பட்டதோ தெரியவில்லை, தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறாராம்.

அண்ணன் என்னிடம் தனியாகப் பேசினார். "கியர்பாக்ஸ் குணாளனுக்கு வண்டிய பார்க்கிங்ல போடத் தெரியலன்னு ஊரு சிரிக்கும் தேனு. நீ பொய் சொல்ல வேணாம். பார்க்கலன்னு மட்டும் சொல்லிடு" என்றார். நான் போர்வையைச் சரிசெய்தேன். கால் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அப்போது அவர் கேட்டதைச் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நேற்று மத்தியானம் பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பஸ் ஏறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தூக்குச் சட்டியில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தார். அண்ணனுக்கு அவரே கரண்டியால் ஊட்டினார். ஊட்டிக்கொண்டே, "எங்க வீட்டுக்காரரு தெரியாம செஞ்சிட்டாரு தம்பி. வயசான மனுசன், மன்னிச்சிடுங்க. அவர உள்ள போட்டா தாங்க மாட்டாரு" என்று அழுதார். அண்ணன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். கஞ்சி முடியும் வரை நான் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லுவார் சொல்லுவார் என்று. சட்டியைக் கழுவிக் கொடுக்கிறேன் என்று சொல்லி வெளியே போய் நான் அழுதேன்.

நான் சொல்வது என் அண்ணன் சொன்னதற்கு நேர் எதிராக இருக்கிறது, தெரிந்துதான் சொல்கிறேனா என்று சார்ஜன் கேட்டார். தெரிந்துதான் சொல்கிறேன். அண்ணன் கெட்டவர் இல்லை. கேட்டவர்கள் மனம் சங்கடப்படக்கூடாது என்றுதான் அன்று லீவரை மாற்றினார். எனக்கு அவர் மேல் கோபம் இருக்கிறது, அதைவிட அதிகமாகப் பாசமும் இருக்கிறது. இங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். நீங்கள் போய்ச் சொல்வதற்கு முன்னால் நானே அவரிடம் சொல்ல வேண்டும், அதுவரை பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு கால் போய்விட்டது, அவரிடம் மிச்சம் இருந்தது அந்தப் பேர்தான். அதை இப்போது நான் எடுத்துவிட்டேன். ஐயாசாமி அந்த லீவரைத் தொட்டது வண்டி நின்ற பிறகுதான்.

மேலே இருப்பதை சார்ஜன் வீரமுத்து எனக்கு முழுக்க வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியேதான் இருக்கிறது. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. என் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதுமான உண்மை இது என்று உறுதி கூறி, என் கையெழுத்தை இடுகிறேன்.

(ஒப்பம்)
தேன்மொழி த/பெ ராமையா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது,
சார்ஜன் வீரமுத்து