தம்பியை அழித்த பொத்தான்

வங்காலைக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு முன்பள்ளி ஆசிரியை இருந்தார். அவர் பக்கத்தில் வந்து அமர்ந்த ஒரு தாய் மெல்லச் சொன்னாள்: "டீச்சர், என்ட மகள் தம்பியை அழிச்சுப்போட்டாள்."

"என்ன சொல்லுறீங்கள்?"

"உங்கட முன்பள்ளிப் பிள்ளையளின்ட கலர் கொம்பியூட்டர் கீபோட்டில அழிக்கிற பொத்தானைக் கழட்டிக்கொண்டு வந்து, அவன்ட நெத்தியில வச்சு அமத்தினவள். அண்டைக்கே மாமி அவனை அரிப்பு ஊரில இருக்கிற தன்ட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டா. தான்தான் அழிச்சதெண்டு இவள் சாப்பிடாமல் அழுகிறாள்."

"அந்தச் சிவப்புப் பொத்தானை நாங்கள் எல்லா இடமும் தேடினனாங்கள்."

"அவனைத் திரும்பக் கொண்டுவாற பொத்தான் எதெண்டு கேக்கிறாள், டீச்சர்."

ஆசிரியை யோசித்தார். "அதுக்கு ரெண்டு பொத்தானைச் சேர்த்து அமத்த வேணும். அது அடுத்த தவணைதான் படிப்பிப்பம்."

"இண்டைக்கே படிப்பிச்சு விடுங்கோ. அவன் பின்னேர பஸ்ஸில வாறான்."